மாறவேலுக்கு ஒன்பது வார்த்தை

ஒன்பது வார்த்தை. வரவில்லை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, இப்போது பதினொன்று இருபது, நாற்பத்தாறு தடவை சொல்லியாயிற்று, நாற்பத்தாறும் தப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுபிக்‌ஷா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். இருபத்தாறு வயதிருக்கும். கோயம்புத்தூரில் நாலைந்து பேராகச் சேர்ந்து இந்த வீடியோ கேமைச் செய்கிறார்கள், கதை எழுதியது அவள், இங்கே சாலிகிராமத்து ஸ்டூடியோவில் உட்கார்ந்து என்னைப் பேச வைத்துக்கொண்டிருப்பதும் அவள். "சூப்பர் சார், இன்னொண்ணு போலாங்களா சார்" என்கிறாள். சூப்பர் என்றால் எதற்கு இன்னொன்று? அந்தக் காலத்து டைரக்டராக இருந்தால் "யோவ் குருபாதம், நாசமாப் போச்சுய்யா" என்பான், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். இவளுக்குத் திட்டத் தெரியவில்லை. திட்டத் தெரியாதவர்களிடம் வேலை பார்ப்பது இருட்டில் படி இறங்குவது மாதிரி. பக்கத்தில் ஜெரால்டு, சவுண்ட் இன்ஜினியர், இருபது வருஷப் பழக்கம், வாயைத் திறக்க மாட்டான். இப்போது திறந்தான். "சார், டக் டக்னு ஒரு சத்தம் வருது. பாக்கெட்ல எதாச்சும் வெச்சிருக்கீங்களா?" ஒன்றும் இல்லை என்றேன். "பல்செட்டா இருக்குமோ?" பல்செட்தான் என்றேன். புதுசு. வாய்க்குக் குடித்தனம் வந்து பத்து நாள்தான் ஆகிறது, இன்னும் சாமானை எடுத்து அடுக்கவில்லை. "ச" என்றால் விசில் அடிக்கிறது. ஒன்பது வார்த்தையில் "ச" ஒன்றே ஒன்றுதான், அதுவும் கடைசியில். ஆகையால் பல் மேல் பழி போட முடியாது. ஏசி மேல் போடலாம். காலையில் சாப்பிட்ட பொங்கல் மேல் போடலாம். போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அந்த ஒன்பது வார்த்தை இதுதான்: "என்னைக் கேட்காமல் ஒரு மதகும் திறக்கக் கூடாது. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்." இதில் என்ன கஷ்டம்? பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். சொல்கிறவன் மாறவேல், கேமில் வில்லன். எடுத்த எடுப்பில் வில்லன் இல்லை, அதுதான் தலைவலி. நீர்க்கோட்டை என்று ஒரு ஊர். ஆற்றை மறித்து மதகு, மதகுக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரு ராஜா, சொட்டுத் தண்ணீருக்கும் அவன் உத்தரவு வேண்டும். பன்னிரண்டு வயது மாறவேல் சம்மட்டியைத் தூக்கிப் பூட்டை உடைக்கிறான். ஊரே அவனைத் தோளில் தூக்குகிறது. உடனே திரை கறுப்பு. ஐம்பது வருடங்களுக்குப் பிறகு என்று எழுத்து. வெளிச்சம் வந்தால் அதே மதகு, அதே பூட்டு, சாவி மட்டும் மாறவேல் இடுப்பில். அந்தக் கிழவனுக்குத்தான் நான். இருநூற்றுப் பதினாலு வரி. இருநூற்றுப் பதின்மூன்றை மூன்று நாளில் ஊதித் தள்ளிவிட்டேன், கொல்லு, வெட்டு, இழுத்து வா, இதெல்லாம் எனக்குக் காலைக் காப்பி. இது ஒன்றில் மாட்டிக்கொண்டேன். கரகரவென்று சொன்னேன், "கொஞ்சம் ஜாஸ்திங்க சார்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னேன், "சிரிப்பு வேண்டாமே சார்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், பல்செட் நகர்ந்தது. நாற்பதாவதில் அவளே உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சார், முதல் பாதி முழுக்க விளையாடறவங்க மாறவேலாத்தான் விளையாடியிருப்பாங்க. அவங்க கைதான் பூட்டை உடைச்சிருக்கும். ரெண்டாம் பாதியில அவரையே எதிர்த்து நிக்கணும். இந்த வரியைக் கேட்டதும், அய்யோ இது நாமதானேன்னு தோணணுங்க சார். அடிக்கக் கை வரக் கூடாது." அடிக்கக் கை வராத வில்லனா? முப்பத்தெட்டு வருஷமாக நான் பேசிய எந்த வில்லனையும் ஜனங்கள் சும்மா விட்டதில்லை. "அந்தச் சின்னப் பையன் குரலை ஒரு தடவை கேளுங்க சார், அதுல இருந்து பிடிச்சுக்கலாம்" என்றாள். யார் குரலையும் கேட்டு நான் பேசினதில்லை என்றேன். முதல் நாளே சொன்னதுதான். சொன்னால் சொன்னதுதான்.

ஒரு மணிக்குள் வராவிட்டால் கோதண்டத்தைக் கூப்பிடுவார்கள், அவனும் வில்லன் குரல்தான். அவள் சொல்லவில்லை. ஜெரால்டு மேஜையில் கோதண்டம் நம்பர் எழுதிய சீட்டு இருக்கிறது, கண்ணாடி வழியே தலைகீழாகத் தெரிகிறது, தலைகீழாக இருந்தால் எனக்குப் படிக்கத் தெரியாதா? ஒரு வரிக்கு ஆள் மாற்றினால் மொத்த மாறவேலும் மாற வேண்டும், இருநூற்றுப் பதினாலும் குப்பை. இரண்டு வருஷம் கழித்து வந்த வேலை. இது போனால் அடுத்தது எமனுக்கு டப்பிங்தான். கோதண்டம் சிரித்தால் சுவரில் இருக்கிற பல்லி விழும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவனுக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும். போகட்டும். மாறவேலைப் பிடி. பூட்டை உடைத்தவன் எதற்குப் பூட்டு வாங்கினான்? நடுவில் ஐம்பது வருஷம் கறுப்புத் திரை போட்டு இந்தப் பெண் தப்பித்துக்கொண்டாள். எந்தத் தேதியில் மாறினான்? ஒருநாள் காலை எழுந்து, இன்றுமுதல் கொடுங்கோலன் என்று பல் துலக்கினானா? இருக்காது. சின்னதாக ஆரம்பித்திருக்கும். மதகு திறந்தே கிடந்திருக்கும், எவனோ ஒருவன் குழந்தையைக் கவனிக்காமல் விட்டிருப்பான், குழந்தை தண்ணீரில் வழுக்கியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது, இருந்தாலும் பதறியிருக்கும். மாறவேல் சொல்லியிருப்பான், ரெண்டு நாளைக்குச் சாவி என்கிட்ட இருக்கட்டும். ரெண்டு நாளைக்கு. அவ்வளவுதான் சொல்லியிருப்பான். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் கேட்க மறந்திருப்பார்கள். சாவி இடுப்பில் இருப்பதே அவனுக்கு மறந்திருக்கும், நடந்தால் மட்டும் டக் டக்கென்று... டக் டக். சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ரிமோட். எங்கள் வீட்டு ஏசி ரிமோட். பின்மூடி லூஸ். உள்ளே பேட்டரி ஆடுகிறது.

எப்படி வந்தது இங்கே? தினமும் அங்கேதான் இருக்கும், கழற்றி வைக்க மறந்திருக்கிறேன், காலையில் அதோடு ஆட்டோ ஏறி வந்திருக்கிறேன். சரி, அதனால் என்ன? அதனால் என்னவா? வெளியே அக்கினி நட்சத்திரம். எங்கள் வீடு விருகம்பாக்கத்தில் மொட்டைமாடிக்குக் கீழே, மூன்றாம் மாடி, பதினொரு மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல். வீட்டுக்காரி உள்ளே இருக்கிறாள். ரிமோட் இங்கே. அறுபத்து நாலு வயது, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை, வெயில் ஆகாது. ஃபேன் இருக்கிறது. ஃபேன் கொதிக்கிற காற்றைக் கலக்கிக் கொடுக்கும், அதற்குமேல் அது என்ன செய்யும்? கரண்ட் போயிருந்தால் அதுவும் இல்லை. சோபாவில் சாய்ந்திருப்பாள். சமையலறையில் நின்றுகொண்டே இருந்து தலை சுற்றி, கையால் மேடையைப் பிடித்து, பிடி நழுவி. நிறுத்து. நின்றபாடில்லை. மைக்கில் சொன்னேன், "ஜெரால்டு, வீட்டுக்கு ஒரு போன் போடு." போன்களை உள்ளே விட மாட்டார்கள், அவன் பக்கம் பிரம்புக் கூடையில் எல்லாருடையதும் கிடக்கும். என் போனை எடுத்தான். "என்ன பேர்ல இருக்கு சார்?" வீடு என்று இருக்கும் என்றேன். போட்டான். காதில் வைத்தான். கூடையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி கூடையைப் பார்த்தான். இவன் ஏன் விழிக்கிறான்? "ரிங் போகுது சார். எடுக்கல." இன்னொரு தடவை போடு. "போகுது சார். எடுக்கல." அவன் வாயோரம் கோணிக்கொண்டது, சிரிப்பை அடக்குகிற மாதிரி. நேரம் பார்த்துச் சிரிப்பு வருகிறது இவனுக்கு. வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். போனால் கோதண்டம். போகாவிட்டால் சமையல் மேடை.

அந்த ரிமோட் எப்போது என் பாக்கெட்டுக்கு வந்தது? மூன்று வருஷம் முன்னால் ஒருநாள் பதினெட்டில் வைத்துத் தூங்கிவிட்டாள், மறுநாள் சளி, இருமல். ரெண்டு நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும் என்றேன். நல்லதுக்குத்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் டிவி ரிமோட், சீரியல் பார்த்து அழுகிறாள் என்று. அதற்கு முன்னால் ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் கூடாது, தொண்டைக்கு ஆகாது என்று. அவள் தொண்டை விலை மதிப்பில்லாத தொண்டை. சினிமாவில் பொடியன்கள் பேசினால் பாதிக்குமேல் பேசுவது அறுபது வயதுப் பெண்கள் என்று ஜனங்களுக்குத் தெரியாது. பையனைப் பேச வைத்தால் ஆறு மாதத்தில் குரல் உடைந்துவிடும், இவர்களுக்கு உடையாது. இவளும் அந்த வர்க்கம். நாற்பது வருஷமாகப் பல் விழுந்த பையன், பரீட்சையில் கோட்டை விட்ட பையன், நாய்க்குட்டியைத் தொலைத்த பையன் எல்லாம் இவள்தான். இப்போது அதிகம் போவதில்லை. இந்த வாரம் நாலு நாள் மத்தியானம் கோயிலுக்குப் போனாள், தோளில் சால்வை, பையில் வெந்நீர் பிளாஸ்க். மத்தியானத்தில் எந்தக் கோயில் திறந்திருக்கிறது என்று கேட்க நினைத்தேன், இந்த மாறவேல் தலைக்குள் இருந்ததால் விட்டுவிட்டேன். முதலில் அவளைப் பார்த்தது வைத்தமாநிதி நாடகக் கம்பெனியில். எண்பத்து மூன்று, திண்டிவனம் முகாம். எனக்கு ஈட்டி பிடிக்கிற வேஷம், வசனம் கிடையாது. அவளுக்குப் பால முருகன். முதலாளி வைத்தமாநிதி அவளுக்குத் தயிர் கூடாது, மோர் கூடாது, ஐஸ் கூடாது, வெளிக்காற்று கூடாது, "உன் தொண்டை கம்பெனி சொத்தும்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பார். ஒத்திகையில் அவள் ஒரு பால் ஐஸ் கேட்டாள். கேட்டதற்கு எல்லார் முன்னாலும் வைதார். எனக்கு என்ன வந்ததோ, ஈட்டியைக் கீழே போட்டேன். "ஒரு ஐஸ் தின்ன அனுமதி கேக்கணுமா? இது தொண்டையா, ஜெயிலா?" என்றேன். அரண்மனைச் சேடிகள் எல்லாம் கை தட்டினார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு தின்றாள். மறுநாள் பால முருகனுக்குக் குரல் கட்டிக்கொண்டது, முருகன் சைகையால் ஞானம் உபதேசித்தார், அன்று மாலையே ரெண்டு பேரையும் துரத்திவிட்டார்கள். அப்புறம் கல்யாணம். நாற்பத்திரண்டு வருஷம். நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த வாக்கியம் வைத்தமாநிதியினுடையது, என் வாய்க்குள் எப்போது குடிவந்தது? பல்செட்டுக்கு முன்னாலேயே வந்திருக்கிறது.

"சார், ஒரே ஒரு தடவை கேளுங்க சார்" என்றாள் சுபிக்‌ஷா. மூஞ்சியில் என்ன தெரிந்ததோ, குரல் கெஞ்சியது. மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். போட்டுத் தொலை என்றேன். யார் குரலையும் கேட்காத ஆள் ஹெட்போனை அமுக்கிக்கொண்டேன். முதலில் தண்ணீர்ச் சத்தம். கூட்டம். சம்மட்டி கல்லில் உரசும் சத்தம். அப்புறம் ஒரு மூச்சு. குட்டியாக, மூக்கால் இழுத்து, மேலே நிறுத்தி. எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வழக்கமாக "ஏங்க, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை" என்று வரும். வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பொடியன் ஒருவன் நெஞ்சு வெடிக்கக் கத்தினான்: "குடிக்கிற தண்ணிக்கு அனுமதி கேக்கணுமா? இது ஊரா, ஜெயிலா?" சம்மட்டி விழுந்தது. பூட்டு உடைந்தது. தண்ணீர் பாய்ந்தது. நான் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வரி நீ எழுதினதாம்மா?" என்றேன். "இல்லீங்க சார், நான் வேற மாதிரி எழுதியிருந்தேன். பேசின அம்மாதான் இப்படிச் சொல்லட்டுமான்னு கேட்டாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு, அப்படியே வெச்சுக்கிட்டோம்." அந்த அம்மா யார்? "பேர் சொல்லக் கூடாதுங்க சார், எல்லார்கிட்டயும் வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கியிருக்கோம். உங்ககிட்டயும்தானே வாங்கினோம்?" வாங்கினார்கள். கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே மதகு, பூட்டு, சம்மட்டி, முழுக் கதையையும் வீட்டில் சொல்லிவிட்டேன், சொன்னது மட்டுமா, சோபா மேல் ஏறி நடித்தும் காட்டினேன். அவள் வாழைக்காய் சீவிக்கொண்டே ம், ம் என்று கேட்டாள். அப்படியா என்றாள். பாவம் அந்தப் பையன் என்றாள். நாலு நாள் கோயில். அழுத்தக்காரி. "அந்த அம்மா எங்க இப்ப?" என்று கத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஜெரால்டு மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். "பக்கத்து ரூம்ல சார். பதினொரு மணியில இருந்து. ஒரு வரி ரீடேக். இங்க பேசறது எல்லாம் அங்க ஸ்பீக்கர்ல கேக்குது. அவங்க போனும் இதே கூடையிலதான் கிடக்கு. நான் போட்டப்ப உங்க போன் கிடந்த இடத்துக்குக் கீழ லைட் எரிஞ்சுது. சொல்லக் கூடாதுன்னாங்க சார், நான் என்ன பண்ண?" சமையல் மேடை மறைந்தது. தோசைக்கல் சுவர் மறைந்தது. இருபதில் ஏசி ஓடுகிற அறையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, ரெண்டும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டதில் பல்செட் நகர்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் குச்சி ஐஸ். யாரையும் கேட்காமல் வாங்கியிருக்கிறாள், பாதி தின்றும் ஆயிற்று. "நாப்பத்தேழு டேக்காமே?" என்றாள். நாற்பத்தாறு என்றேன். "ஒண்ணு குறைஞ்சா பெருமையா?" என்றவள் என் பாக்கெட்டைப் பார்த்தாள். "இதுதான் டக் டக்கா. நான் காலையில வீடு முழுக்கத் தேடினேன்." கையை நீட்டினாள். கொடுத்தேன். சுபிக்‌ஷா இவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "சார், இவங்க உங்க..." என்று நிறுத்தினாள். "ஆமாடி கண்ணு, நான் மாறவேல் சின்ன வயசு, இவர் பெரிய வயசு, ஒரே வீட்டுலதான் இருக்கோம்" என்றாள் இவள். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஐஸை ஒரு நக்கு நக்கி, "அந்த வரிக்கு ஏன் இப்படித் தொண்டையைப் போட்டுக் கரகரங்கறீங்க? அவன் யாரை மிரட்டறான்? யாரையும் மிரட்டலை. அவனுக்குக் கவலை. நெசமாவே கவலை. போன வாரம் ஃப்ரிட்ஜ்கிட்ட நின்னு என்கிட்ட எப்படிச் சொன்னீங்க? அப்படிச் சொல்லுங்க." நான் எப்போது சொன்னேன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் மைக்குக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள், சால்வை தோளிலிருந்து நழுவியிருந்தது, ஏசிக் காற்று நேராக அவள் கழுத்தில் அடித்தது, ஐஸ் வேறு, இன்றைக்குச் சாயங்காலம் தும்மப்போகிறாள், நாளைக்கு இருமல், மாத்திரை போட்டுக்கொள்ள மாட்டாள், நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், சொன்னால் கேட்கிற ஜென்மமா இது. "என்னைக் கேட்காமல்" என்று வந்துவிட்டது. வாயில்தான் வந்ததா, எங்கே வந்தது, தெரியவில்லை. மெதுவாக. தாழ்ந்து. "ஒரு மதகும் திறக்கக் கூடாது." அவள் ஐஸ் என் கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருந்தது. "உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்." சொன்னவன் குரலில் அன்பு இருந்தது. அதைத்தான் கேட்க முடியவில்லை. "ச" விசில் அடிக்கவில்லை.

ஜெரால்டு பட்டனை விட்டுக் கையை எடுத்தான். சுபிக்‌ஷா முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "சார், பயமா இருக்குங்க சார். ஆனா அடிக்கக் கை வராது." கோதண்டம் சீட்டை ஜெரால்டு கசக்கினான், அதை நான் பார்க்க வேண்டும் என்றே கசக்கினான். "அம்மா வந்ததும் ஒரே டேக்ல எப்படிங்க சார்?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு இவள்தான் பதில் சொன்னாள்: "நாப்பத்திரண்டு வருஷ ஒத்திகைம்மா." சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு. வெளியே வந்து கூடையில் போனை எடுத்தேன். ஜெரால்டு காதோரம் வந்து, "சார், அம்மா போன்ல உங்க பேர் என்னன்னு வருது தெரியுமா? மாறவேல்" என்றான். எப்போது மாற்றினாள்? சோபா மேல் ஏறி நடித்துக் காட்டினேனே, அன்றைக்கே மாற்றியிருப்பாள். ஆட்டோ கூப்பிட ஜெரால்டு வாசலுக்குப் போனான். இவள் ரிமோட்டைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள், ரெண்டு நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும் என்றாள், முகத்தில் ஒரு சலனம் இல்லை. பாக்கெட் லேசாக இருந்தது. நடந்து பார்த்தேன், சத்தமே இல்லை. வழியில் இவள் வாங்கின கடையில் இன்னொரு குச்சி ஐஸ் வாங்க வேண்டும், எனக்கு. சுபிக்‌ஷா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். "சார், கேம் முடியறப்ப எல்லார் பேரும் போடுவோம். குரல் பயிற்சின்னு ஒரு இடம், என் பேரைப் போட்டு வெச்சிருந்தேன். இந்த வரியை சரி பண்ணது நான் இல்லீங்களே. யார் பேரைப் போடட்டும்?" நாற்பத்திரண்டு வருஷத்தில் ஏய் என்று கூப்பிட்டிருக்கிறேன், இந்தா என்று கூப்பிட்டிருக்கிறேன், போனில் வீடு என்று எழுதியிருக்கிறேன். மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, மேலே நிறுத்தினேன். எழுதிக்கோம்மா என்றேன். தமயந்தி.